நெல்லைச் சீமையில் முதல் ஃபிளாஷ்: குறைந்த செலவில் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை என்று ஆண்டு முழுவதும் கேமராவுக்கு வேலை வைக்கும் ஊர் நம்முடையது. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் அடுத்த காசை லென்ஸுக்குத்தான் சேர்க்கிறார்கள். அந்தப் பணத்தை ஒரு ஃபிளாஷுக்கும், அதைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைக்கத் தேவையான சாமான்களுக்கும் செலவழித்தால் படம் அதைவிட அதிகமாக மாறும் என்பது என் கட்சி. கேமராவின் தலைமேல் உட்கார்ந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்கி, பின்சுவரில் கறுப்பு நிழலையும் ஒட்டிவிடும். அதையே ஒரு கை நீளம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் மூக்கு மூக்காகவும் கன்னம் கன்னமாகவும் தெரியத் தொடங்கும்.

கடைக்குப் போனதும் "எந்த ஃபிளாஷ் நல்லது?" என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது ட்ரிக்கர்: கேமராவின் மேல் உட்கார்ந்து, தள்ளி நிற்கும் ஃபிளாஷை மின்னச் சொல்லும் கருவி. எந்த நிறுவனத்தின் ரேடியோ முறைக்குள் நுழைகிறீர்களோ, அடுத்த சில வருடங்களுக்கு வாங்கும் ஒவ்வொரு விளக்கும் அதற்குள்தான் வரும்.

காசு செலவில்லாத முதல் படி

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை கிருஷ்ணாபுரம் போய் வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கும் வெங்கடாசலபதி கோயில். கேமரா தேவையில்லை, கண் போதும். மண்டபத்துத் தூண்களில் நிற்கும் சிற்பங்களில் வெளிச்சம் நேராக விழும் ஒன்றையும், பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒன்றையும் மாறி மாறிப் பாருங்கள். அங்கே நிற்கும் குறவன் சிலையின் விலா எலும்பும் கை நரம்பும் எடுப்பாகத் தெரிவதற்குச் சிற்பியின் உளி பாதிக் காரணம் என்றால், வெளிச்சம் வரும் கோணம் மீதிக் காரணம். முன்னால் நின்று செல்போன் ஃபிளாஷ் அடித்து எடுத்த படங்களில் அதே நரம்புகள் காணாமல் போய்விடுகின்றன.

வீட்டுக்கு வந்ததும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தம்பியையோ தங்கையையோ நாற்காலியில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை அவர்கள் முகத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். நேர் எதிரே, நாற்பத்தைந்து டிகிரி, முழுப் பக்கவாட்டு, பின்னால், தாடைக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் முகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ அந்த இடத்துக்கு ஒரு விளக்கைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் இவ்வளவு சாமானும்.

எல்.இ.டி. விளக்கு போதாதா?

வீடியோவும் எடுப்பவர் என்றால் எல்.இ.டி. வேண்டும். அசையாத பொருளை ட்ரைபாடில் வைத்து எடுப்பவருக்கும் போதும். மனிதர்களைப் படம் எடுக்க அது தோதுப்படாது. 60 வாட் எல்.இ.டி. விளக்கு 1/200 நொடியில் செலவழிக்கும் மின்சாரம் 0.3 ஜூல். கேமரா மேல் மாட்டும் பெரிய அளவு ஃபிளாஷ் முழுப் பவரில் ஒருமுறை மின்னினால் சுமார் 60 ஜூலைக் கொட்டுகிறது. எல்.இ.டி. மின்சாரத்தைச் சிக்கனமாக வெளிச்சமாக்கும் என்று எவ்வளவு சலுகை கொடுத்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. பகலில், சன்னல் திறந்திருக்கும் அறையில் அந்த விளக்கு எரிகிறதா என்றே படத்தில் தெரியாமல் போவது இதனால்தான்.

ட்ரிக்கர்

ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் மின்னும் ஆப்டிகல் ஸ்லேவ். செலவு இல்லை. ஆனால் வெயிலில் கண் தெரியாது. கல்யாண மண்டபத்திலோ மாமா, சித்தப்பா அடிக்கும் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் உங்கள் விளக்கு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. இடையில் தூண் இருந்தாலும் சுவர் இருந்தாலும் வேலை செய்யும். ரேடியோவைத் தவிர வேறு எதற்கும் காசு போடாதீர்கள்.

ட்ரிக்கர் அனுப்பும் சிக்னலை வாங்கும் ரிசீவர் உள்ளேயே பொருத்தப்பட்ட ஃபிளாஷாகப் பார்த்து வாங்குங்கள். தனி ரிசீவர் என்றால் அதற்கு ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், தொலைவதற்கு ஒரு பொருள். குறைந்த விலையில் பரவலாகக் கிடைக்கும் இரண்டு முறைகள் கோடாக்ஸ், யாங்நுவோ. இரண்டில் கோடாக்ஸ் பக்கம்தான் நான் சாய்வேன். சிறிய ஃபிளாஷிலிருந்து பேட்டரியில் ஓடும் 200 வாட்-செகண்ட் (200 ஜூல்) விளக்கு, ஸ்டுடியோ விளக்கு வரை எல்லாம் ஒரே ட்ரிக்கருக்குக் கட்டுப்படும். அவர்களுடைய எக்ஸ்2டி ட்ரிக்கர் தொடக்கத்துக்குத் தாராளம். பெரிய திரை வேண்டுமென்றால் எக்ஸ்ப்ரோ.

ட்ரிக்கர் கேமரா நிறுவனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று. பெட்டியின் மேல் உங்கள் கேமரா நிறுவனத்தைக் குறிக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். நாளை கேமராவை மாற்றினாலும் தள்ளி வைத்த ஃபிளாஷ் அப்படியே இருக்கும். ட்ரிக்கரை மட்டும் மாற்றினால் போதும்.

கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். எல்லா நிறுவனத்து ஃபிளாஷுக்கும் பொதுவாகப் பயன்படும் நடுப்புள்ளி இந்தக் கேமராக்களின் ஹாட் ஷூவில், அதாவது தலைமேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், கிடையாது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொது ட்ரிக்கர்கள் இவற்றில் உயிரே பெறாது. கேனானுக்கென்றே செய்த ட்ரிக்கர்தான் வேண்டும், அதிலும் மென்பொருள் புதியதாக இருக்க வேண்டும். இணையத்தில் வாங்குவதைவிட, கேமராவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டி அடித்துப் பார்த்து வாங்குவது இவர்களுக்கு நல்லது.

வாங்கியதும் ட்ரிக்கரிலும் ஃபிளாஷிலும் சானல் எண்ணை மாற்றிவிடுங்கள். ஐ.டி. எண் வைக்கும் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால், ஒரே மண்டபத்தில் அதே நிறுவனத்து ட்ரிக்கரோடு வந்திருக்கும் இன்னொருவர் உங்கள் ஃபிளாஷை அடித்துக்கொண்டிருப்பார்.

ஃபிளாஷ்: மேனுவல் போதுமா?

போதும். லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து பவரைத் தானாக முடிவு செய்யும் டி.டி.எல். வசதிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஸ்டாண்டில் நிற்கும் விளக்குக்கும் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரம் மாறப்போவதில்லை. ஒருமுறை பவரை வைத்துவிட்டால் அடுத்த படத்துக்கும் அதே வெளிச்சம். டி.டி.எல். ஒவ்வொரு படத்துக்கும் தானாக யோசிக்கும். வெள்ளை வேட்டி கட்டியவருக்கு ஒரு முடிவு, கறுப்புக் கோட்டு போட்டவருக்கு ஒரு முடிவு. மாப்பிள்ளை அழைப்பில் கூட்டத்தோடு ஓடிக்கொண்டே எடுப்பதுதான் உங்கள் பிழைப்பு என்றால் டி.டி.எல். வாங்குங்கள், தப்பில்லை. கற்றுக்கொள்பவருக்குக் கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷே சரி. சோனிக்காரர்கள் டிடி600எஸ் என்று கேட்க வேண்டும். யாங்நுவோ 560 நான்காம் பதிப்பும் உறுதியான சாமான். ஆனால் கேமராவின் வழக்கமான ஷட்டர் எல்லையைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்க உதவும் அதிவேக ஷட்டர் வசதி அதில் இல்லை.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கைட் நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்ணை அப்பர்ச்சரால் (லென்ஸ் திறப்பைக் காட்டும் எஃப் எண்ணால்) வகுத்தால் கேமராவின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ. 100-இல் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 60 என்று போட்டிருந்தால் எஃப்/8-இல் ஏழரை மீட்டர். ஆனால் அந்த 60 ஃபிளாஷின் தலையை 200 மி.மீ. லென்ஸின் குறுகிய பார்வைக்கு ஏற்பக் குவித்து அளந்தது. 35 மி.மீ. அளவுக்கு விரித்தால் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஒரு நிறுவனம் 105 மி.மீ.-இல் அளந்த எண்ணையும் இன்னொரு நிறுவனம் 200 மி.மீ.-இல் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. பவரை முழு அளவில் 1/128 பங்கு வரை குறைக்க முடிகிறதா, தலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா, ட்ரிக்கரிலிருந்தே பவரை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். அன்றாட வேலைக்கு உதவுபவை இவைதான்.

பேட்டரி

இந்த ஃபிளாஷ்களுக்கு நான்கு ஏஏ பேட்டரி. பெட்டிக்கடை அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண் குறைவு என்று பின்வாங்காதீர்கள். இரண்டாவது வகை ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தைக் கொடுக்கும் என்பதால் ஃபிளாஷ் சீக்கிரம் மறுபடியும் தயாராகும். எனலூப் போல, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகையில் எட்டு செல்லும் ஒரு நல்ல சார்ஜரும் வாங்குங்கள். நான்கு நான்காகக் குறியிட்டு, எப்போதும் அதே நான்கைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் செல்லை வெளியே எடுத்து வைப்பது நல்லது. உவரி, மணப்பாடு என்று கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். உப்புக் காற்று உலோகப் புள்ளிகளைச் சும்மா விடாது.

ஸ்டாண்டும் குடையும், ஆடிக் காற்றும்

ஸ்டாண்ட் ஏழடிக்குக் குறையாமல், கால்கள் அகலமாக விரிவதாக இருக்கட்டும். அதன் உச்சியில் ஃபிளாஷையும், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் குடையையும் பிடிக்கும் பிராக்கெட் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும், சீக்கிரமே வழுக்கவும் தொடங்கும். ஃபிளாஷின் கழுத்தை வளைத்துப் பிடிக்கும் எஸ் வகை பிராக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால், பின்னாளில் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டவும் அதுவே உதவும். குடை, 43 அங்குல வெள்ளை. வெளிச்சத்தை உள்ளேயிருந்து ஊடுருவவிடும் வகை. சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நிமிடத்தில் விரித்து, மடக்கி, டவுன் பஸ்ஸில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக் குடைதான் சௌகரியம்.

ஃபிளாஷ், ட்ரிக்கர், பேட்டரி, சார்ஜர், ஸ்டாண்ட், பிராக்கெட், குடை எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். அதைத் தாண்டிப் போகிறது என்றால் கடைக்காரர் உங்களுக்கு இப்போது தேவையில்லாத எதையோ சேர்த்திருக்கிறார்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று. பணகுடி, வள்ளியூர், கயத்தாறு பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது வேடிக்கைக்கில்லை. அந்தக் காற்றில் விரித்த குடை பாய்மரம்தான். ஸ்டாண்டு சாய்ந்தால் ஃபிளாஷின் தலைதான் முதலில் தரையில் படும். ஸ்டாண்டின் ஒரு காலைக் காற்று போகும் பக்கமாக நீட்டி வையுங்கள். ஆற்று மணலை ஒரு துணிப்பையில் கட்டி அடிக்கம்பியில் தொங்கவிடுங்கள். அப்படியும் ஆடுகிறதென்றால் குடையை மடக்கிவிட்டு, கூட வந்தவர் கையில் வெறும் ஃபிளாஷைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் சித்தி மகனைவிட நல்ல ஸ்டாண்ட் கிடைக்காது.

குடை வாங்கவும் காசு இல்லையென்றால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு அதன் பின்னாலிருந்து ஃபிளாஷை அடியுங்கள். குடையைவிடப் பெரிய வெளிச்சம். நீலம் தூக்கலாகப் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம், முகத்திலும் நீலம் ஏறிவிடும்.

முதல் படம்: பட்டாசலில் பாட்டி

வீட்டுப் பட்டாசலில் பாட்டியை நாற்காலியில் உட்காரவையுங்கள். சுவருக்கும் நாற்காலிக்கும் இடையில் முடிந்த அளவு இடம் விடுங்கள். கேமராவை மேனுவலுக்கு மாற்றி ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/5.6, ஷட்டர் 1/160 என்று வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அனேகமாகக் கறுப்பாக வரும். வர வேண்டும். இப்போது படத்தில் தெரியப்போகும் வெளிச்சம் முழுக்க உங்கள் விளக்கு தருவது என்று அர்த்தம்.

குடையைப் பாட்டியின் முகத்துக்கு நான்கடி தூரத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, நாற்பத்தைந்து டிகிரி பக்கவாட்டில் நிறுத்துங்கள். பவர் 1/32. அடியுங்கள். இருட்டாக இருந்தால் 1/16, வெளுத்துப்போனால் 1/64. கண்ணாடி போட்டவர் என்றால் கண்ணாடியில் குடை தெரியும். குடையை இன்னும் உயர்த்துங்கள், அல்லது பாட்டியைத் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். மூக்குத்தியில் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு மின்ன வேண்டும். மின்னவில்லை என்றால் விளக்கு அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் போயிருக்கிறது.

இதே இடத்தில் ஒரு கணக்கைப் பழகிவிடுங்கள். குடையை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. ஈடுகட்டப் பவரை 1/32-இலிருந்து 1/8-க்கு ஏற்ற வேண்டும். முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டரிலும் சுவர் மூன்று மீட்டரிலும் இருந்தால் சுவரில் விழுவது ஒன்பதில் ஒரு பங்கு. சுவர் இருட்ட வேண்டுமா, விளக்கை முகத்துக்கு நெருக்குங்கள். சுவரும் தெரிய வேண்டுமா, விளக்கைத் தள்ளிவைத்துப் பவரை ஏற்றுங்கள். மூன்று வரிசையில் சொந்தபந்தம் நிற்கும் குரூப் போட்டோவுக்கும் இதே கணக்குதான்: விளக்கைத் தூரத்தில், உயரத்தில் வைத்தால்தான் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை கறுக்காமல் இருக்கும்.

அறை விளக்கும் சன்னல் வெளிச்சமும் படத்தில் வேண்டுமென்றால் ஷட்டரை மட்டும் மெதுவாக்குங்கள்: 1/60, 1/30. ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மின்னி முடிந்துவிடுவதால் ஷட்டர் வேகம் அதன் அளவைத் தொடாது, அறை வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டையும் சேர்த்து மாற்றும். எதிர்ப்பக்கத்தில் ஓர் எல்லை உண்டு. பல கேமராக்களில் 1/200-க்கு மேல் போனால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

சுவரின் நிறத்தையும் கவனியுங்கள். ஃபிளாஷைச் சுவரிலோ கூரையிலோ மோதவிட்டு எடுக்கலாம் என்பார்கள். வெள்ளைச் சுவரானால் சரி. பச்சையும் ரோஸும் அடித்த வீடுகளில் முகம் அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஓட்டு வீட்டில் கூரையில் மோதவிட்டால் எல்லோருக்கும் செம்மண் பூசியது போல வரும். கல்யாண மண்டபங்களில் கூரை எட்டாத உயரம். அங்கே மோதவிட்டுப் பேட்டரியைக் காலி செய்வதுதான் மிச்சம். மஞ்சள் பல்பு எரியும் இடத்தில் ஃபிளாஷ் தனியாக நீலம் தட்டும். ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஃபிளாஷின் முகத்தில் ஒட்டி, கேமராவின் வொயிட் பேலன்ஸை டங்ஸ்டனில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பாயும் அல்வாவும்

பொருள்களைப் படம் எடுத்துக் கொடுப்பதற்கு ஊரிலேயே ஆர்டர் இருக்கிறது. பத்தமடைக் கோரைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அழகு நெசவில். குடை போட்டு மேலிருந்து அடித்தால் வழவழப்பான பிளாஸ்டிக் பாய் போல வரும். குடையைக் கழற்றிவிட்டு, வெறும் ஃபிளாஷைப் பாயின் மட்டத்துக்கு அருகே தாழ்த்தி, ஓரத்திலிருந்து உரசினாற்போல் அடியுங்கள். ஒவ்வொரு கோரையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஃபிளாஷுக்குப் பக்கத்து ஓரம் வெளுக்கும்; விளக்கை மட்டம் மாறாமல் இன்னும் நான்கடி பின்னால் நகர்த்துங்கள்.

அல்வாவுக்கு எதிர்மாறு. நெய்யின் பளபளப்புதான் படம். முன்னாலிருந்து அடித்தால் பழுப்புக் கட்டியாகத் தெரியும். குடையோடு விளக்கை இலைக்குப் பின்னால், சற்று மேலே வைத்துக் கேமராப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். முன்பக்கம் இருட்டும். ஸ்டேஷனரிக் கடை தெர்மாகோல் ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அந்த இருட்டு வேண்டிய அளவுக்குத் திறந்துகொள்ளும். இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும் ஆசை வரும்போதெல்லாம் முதலில் ஒரு தெர்மாகோலை வைத்துப் பாருங்கள்.

உச்சி வெயில்

நம் ஊர் நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப்/11 பக்கம் வந்துவிடும். குடையை விரித்தால் ஃபிளாஷின் கைட் நம்பர் 20-க்குப் பக்கத்தில் இறங்கும். 20-ஐ 11-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர்கூட இல்லை, அதுவும் முழுப் பவரில். அதிவேக ஷட்டரைப் போட்டால் பவர் இன்னும் குறையும். ஆகவே வெயிலோடு மல்லுக்கட்டாதீர்கள். குறுக்குத்துறைப் படித்துறையோ, பாபநாசமோ, மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். வானத்துக்கு ஏற்ற வெளிச்ச அளவை முதலில் வைத்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) இருட்டாக்கி, பிறகு ஃபிளாஷை முகத்துக்குக் கொடுங்கள். பகலிலேயே எடுத்தாக வேண்டுமென்றால் மர நிழலுக்குள் ஆளை நிறுத்துங்கள்.

அடிக்கக் கூடாத இடங்கள்

கூந்தன்குளத்தில் கூடு கட்டியிருக்கும் பறவைகளிடம் ஃபிளாஷ் வேண்டாம். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்தளங்களில் இருக்கும் பழைய ஓவியங்களிடமும் வேண்டாம். கோயில்களில் கேமராவுக்கே அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும், ஸ்டாண்டுக்குச் சொல்லவே வேண்டாம். கொடையில் சாமியாடுபவரின் முகத்துக்கு நேரே அடிப்பது அபத்தம், ஆபத்தும்கூட. தீப்பந்தமும் ட்யூப்லைட்டும் தரும் வெளிச்சத்திலேயே எடுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவை எடுப்பதானால் தொடங்கும் முன்பே புலவரிடம் கேட்டு, விளக்கை மேடையின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

பழையது வாங்கும்போது

ஸ்டுடியோக்காரர்கள் விற்கும் ஃபிளாஷ் பாதி விலைக்குக் கிடைக்கலாம். முழுப் பவரில் பத்து முறை தொடர்ந்து அடித்து, ஒவ்வொரு முறையும் தயாராக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். போகப்போக மிகவும் இழுத்தால் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடி பழுத்திருந்தாலோ, பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருந்தாலோ, அடியில் இருக்கும் ஷூ ஆடினாலோ அதே முடிவு. ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடும் புள்ளியில் வரும் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். அவற்றை இன்றைய கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடலாம். பழுதென்று எந்த ஃபிளாஷையும் நீங்களே திறக்காதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். ட்ரிக்கரைப் பழையதாக வாங்குவதானால், விற்பவரின் ஃபிளாஷோடு சேர்த்துச் சோதிக்காமல், உங்கள் கேமராவையும் உங்கள் ஃபிளாஷையும் கொண்டுபோய் அறையின் அந்தக் கோடியில் வைத்து அடித்துப் பாருங்கள்.